கற்பூரம் பட்ட கயிறு

ஆவணி முடியப் போகிற நேரம். அருவியில் குளிக்க வருகிற சீசன் கூட்டம் வடிந்துவிட்டது, காற்று மட்டும் வடியவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் வீட்டுப் பின்வாசலில் நுழைந்து முன்வாசல் வழியே போகும். கொடியில் போட்ட துணியை ரோட்டில் போய்ப் பொறுக்கி வருவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் மாப்பிள்ளை வந்திருந்த அந்த வாரம், கதவு ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைக்குக் கொச்சியில் பாய்மரப் படகுகளைப் பராமரிக்கிற வேலை. படகை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய் விடவும் போவார். மழை மாதங்களில் படகுகள் சும்மா கிடக்கும். புரட்டாசி பிறந்ததும் ஒரு படகைக் கோவாவுக்குக் கொண்டுபோக வேண்டும், இவரும் இன்னொருவரும் மட்டும். என் மகள் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்காக எங்களிடம் இருந்தாள். அவளைப் பார்க்க வந்தவர் வேலையையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஒரு பை நிறையக் கயிறு.

நான் லோடு வண்டிக்காரன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, மலையைத் தாண்டிப் புனலூர் வரைக்கும் போவேன். கயிறு என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும் என்கிற நினைப்பு.

"என்னத்துக்கு மாப்ள இம்புட்டுக் கயிறு தேடி வாங்குதிய? நம்ம மார்க்கெட் வாசல்லயே நைலான் கயிறு கெடக்கு. லோடு லோடா கட்டுதோம், அறுந்ததே கெடையாது."

"அறுவாது மாமா. ஆனா நீளுமே. செங்கோட்டை தாண்டுனதும் எறங்கி மறுபடி இறுக்குவியல்லா?"

அது உண்மைதான். நைலான் பாரம் ஏறினால் நீளும், லோடு ஆட ஆரம்பிக்கும், இறங்கி இறுக்காமல் மலை ஏற முடியாது.

மகள் குறுக்கே வந்தாள். "யப்பா, உங்க வண்டியில எறங்கி இறுக்கலாம். இவுக கடல்ல எறங்குனா மீனுதான் இறுக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவர் எனக்கு விவரமாகச் சொன்னார். காற்று கூடினால் முழுப் பாயோடு படகு நிற்காது, சாய்த்துவிடும். பாயைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதன் அடிப்பக்கத்தைக் கீழே குறுக்காகக் கிடக்கிற கட்டையோடு சேர்த்து இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குத்தான் இந்தக் கயிறு. நீண்டுகொடுத்தால் பாய் தொளதொளத்துத் தன்னைத்தானே அடித்துக் கிழிந்துபோகும். அதனால் நீளாத பாலியஸ்டர் கயிறு. முதல் சுருக்கத்துக்கு நீலம். காற்று இன்னும் கெட்டுப்போனால், பாயை இன்னும் சிறிதாக்க, சிவப்பு. பதற்றத்தில் கை தப்பாமல் இருக்கத்தான் நிறம்.

முனையில் முடிச்சுப் போடாமல் கயிற்றை வளைத்துக் கண்ணி செய்தார். அந்தக் கயிறு மேலே ஓர் உறை, உள்ளே இன்னொரு கயிறு. உள்கயிற்றை வெளியே உருவி, நீண்ட ஊசியால் முனையை மறுபடியும் உள்ளுக்குள்ளேயே நுழைத்து, உறையை நீவி நீவி மூடினார். ஜன்னல் கம்பியில் மாட்டி என்னை இழுக்கச் சொன்னார். நான் காலை ஊன்றி இழுத்தேன். அசையவில்லை.

"இழுக்க இழுக்கத் தன்னையே பிடிச்சிக்கிடும் மாமா."

"இந்தச் செவப்பு அறுந்தா?" என்று கேட்டேன்.

"அம்புட்டுக் காத்துல பாயி முழுசா..." என்று தொடங்கியவர் மகள் பக்கம் பார்த்தார். பாதியில் நிறுத்திவிட்டு ஊசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. புதிதாக எது வாங்கினாலும் சாமி முன்னால் வைக்காமல் எங்கள் வீட்டில் எடுக்க மாட்டோம். என் வண்டிக்கு, அதன் கயிற்றுக்கு, தார்ப்பாய்க்கு எல்லாவற்றுக்கும் மஞ்சள் குங்குமம் உண்டு. வழக்கமாகத் தட்டில் சூடம் ஏற்றித் தள்ளி நின்று காட்டுவதோடு சரி. அன்றைக்கு என் மனைவிக்கு அது போதவில்லை. கயிற்றுச் சுருளின் மேலேயே ஒரு வெற்றிலையை வைத்து, அதில் சூடத்தை வைத்து ஏற்றினாள். மாப்பிள்ளையின் கை லேசாக முன்னால் நீண்டது. ஆனால் அவள் கண்ணை மூடிக் கும்பிடுவதைப் பார்த்துப் பின்னால் போய்விட்டது.

பின்வாசல் காற்று வந்தது. வெற்றிலை சுருண்டு கவிழ்ந்தது. எரிகிற சூடம் சிவப்புக் கயிற்றின் மடிப்புக்குள் விழுந்தது. அவள் கையாலேயே அடித்து அணைத்தாள். பிளாஸ்டிக் கருகிய வாடை வீடு முழுக்கப் பரவியது.

"சாமி போவாதன்னு சொல்லுது," என்றாள்.

"ஒண்ணுமில்ல அத்தை, மேலாப்புலதான் பட்டுருக்கு. தொடச்சாச் சரியாயிரும்." மாப்பிள்ளை கட்டைவிரலால் அந்தக் கருப்பைத் தேய்த்தார். மறுபடியும் தேய்த்தார். பிறகு கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அது எனக்குத் தெரிந்த முகம். கல்யாணம் ஆன புதிதில் விருந்துக்கு வந்தபோது, தனக்கு ஆகாத கத்தரிக்காயை அத்தை பரிமாறப் பரிமாற வாங்கித் தின்றுவிட்டு, உடம்பெல்லாம் தடித்துப்போய், "வெயில்தான் அத்தை" என்று சொன்ன மனுஷன் அவர். மாமியார் மனம் நோகக் கூடாது என்று இந்தக் கயிற்றையும் அப்படியே கடலுக்குக் கொண்டுபோய்விடுவார். கேட்டால் "ஒண்ணுமில்ல மாமா" என்பார். அதற்கு மேல் மாப்பிள்ளையை நான் எப்படிக் கேட்பது?

மறுநாள் காலையில் விசுவநாதர் கோவிலுக்குப் போனேன். கோபுர வாசலில் காற்று எப்போதும் ஆளைத் தள்ளும். அன்றைக்கு வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தேன். சந்நிதியில் நின்றபோது என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அவர் போகக் கூடாது என்று கேட்பதா, கயிறு தாங்க வேண்டும் என்று கேட்பதா? ஈசனே, வீட்டில் வாய் திறக்க முடியாத மனுஷனுக்கு நீதான் ஒரு வழி காட்ட வேண்டும் என்றேன். திருநீறு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வரிசையாக நிற்கிற வண்டிகளுக்கு நடுவில் என் வண்டி நின்றது. அப்போதுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்து, "மாப்ள, அந்தச் செவப்புக் கயித்த எடுங்க," என்றேன்.

"எதுக்கு மாமா? பையில கட்டி வச்சாச்சுல்லா..."

"எடுங்க."

அவர் பின்னிய கண்ணியை வண்டியின் பின்கொக்கியில் மாட்டினேன். மறுமுனையைக் கொல்லைப் புளியமரத்தில் சுற்றிக் கட்டினேன். அறுந்த கயிறு சாட்டை மாதிரி வீசும் என்பதால் எல்லோரையும் சுவருக்குப் பின்னால் போகச் சொன்னேன்.

"ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று என் மனைவி கத்தினாள்.

வண்டியை மெதுவாக எடுத்தேன். கயிறு விறைத்தது. கொஞ்சம் மிதித்தேன். பட்டென்று ஒரு சத்தம், வண்டி முன்னால் துள்ளியது.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். கண்ணி கொக்கியில் அப்படியே இருந்தது. மரத்தில் கட்டியதும் அப்படியே இருந்தது. சூடம் விழுந்த இடத்தில்தான் அறுந்திருந்தது. உறை மட்டுமல்ல, உள்கயிறும் உருகிக் கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது.

என் மனைவி அந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியும்லா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டாள்.

"அத்தை மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என் மனசக் கொண்டுபோயிக் கடல்லயா கட்டப் போறிய? கத்திரிக்காய்க்கும் இப்படித்தான இருந்திய! சாமி என்ன, வாயில்லாத புள்ளையவா எனக்குக் குடுத்துருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் அழுதாள். அவள் அழுதது பயத்திலா கோபத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

புதுக் கயிறு வாங்கிப் பின்னுவதற்கு நேரம் வேண்டும் என்று அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார். போகாதே என்று யாரும் சொல்லவில்லை. சூடமும் ஏற்றவில்லை. என் மனைவி அவர் நெற்றியில் திருநீறு மட்டும் பூசி, "இது எதையும் எரிக்காது," என்றாள்.

கொச்சியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். சிவப்புக் கயிறு, முனையில் புதிய கண்ணி. என் மனைவி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், எங்காவது கருப்பு இருக்கிறதா என்று.

இதை எழுதுகிற இப்போது படகு கடலில் இருக்கிறது. கரையை விட்டுத் தள்ளிப் போனால் போன் எடுக்காது என்று முன்னமே சொல்லியிருந்தார். இன்று சாயங்காலமும் பின்வாசல் கதவு படாரென்று அடித்தது. என் மனைவி ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கதவில் கை வைத்தபடியே நின்றாள்.

"அங்கனயும் இப்படித்தான் அடிக்குமோ?"

வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள்தான் சொன்னாள்:

"அடிச்சா, செவப்பக் கட்டியிருப்பாவ."