கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கப்பல் பாட்டு

என் போனில் இடமே இல்லை. திறந்தால் சிறுமிகள் கைதட்டிப் பாடும் சத்தம்தான். எங்கள் அடுக்குமாடிக்குப் புதுக் குடும்பம் குடிவந்தால், கீழே விளையாடும் பிள்ளைகளே, “அன்ரி, புதுப் பாட்டு வந்திருக்கு, போனைக் கொண்டு வாங்கோ” என்று கூப்பிடுகிறார்கள். அழித்துவிடச் சொல்கிறார் கணவர். அவருடைய கிரிக்கெட் வீடியோக்களை அவர் முதலில் அழிக்கட்டும்.

இந்தச் சேகரிப்பு ஆசையால் தொடங்கியதல்ல, பயத்தால் தொடங்கியது. கொழும்புக்குள்ளேயே கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்தபோது மகளுக்கு எட்டு வயது. பழைய வீட்டு ஒழுங்கையில் விளையாடிக்கொண்டே இருக்கும் அவளைத் திட்டித்தான் வீட்டுக்குள் கூட்டிவர வேண்டும். இங்கே வந்தபின் அவள் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நின்றாள். கீழே, கார்கள் வேலையிலிருந்து திரும்பும்வரை காலியாகக் கிடக்கும் இடத்தில், அடுக்குமாடிச் சிறுமிகள் சோடி சோடியாக நின்று கை தட்டுவார்கள்.

“நீயும் போய் விளையாடு.”

“அவங்க பாட்டு எனக்குத் தெரியாதும்மா.”

இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பள்ளிக்கூடத்திலும் அவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். பிள்ளை இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாளோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

கொழும்புத் தாய்மாருக்கு எல்லா வியாதிக்கும் தெரிந்த ஒரே மருந்து டியூஷன்தான். நானும் அதையே செய்தேன். பல்கனியில் உடுப்புக் காயப்போடுவதுபோல் நின்று, கீழே நடந்ததைப் போனில் பதிந்தேன். கடலோரமாகப் போகும் ரயில் ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை விழுங்கிவிட்டுப் போகும். அந்த வரிக்காக மறுநாளும் காத்து நிற்பேன். பிறகு குசினியில் வைத்து மகளுக்குப் பயிற்சி. மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, குறுக்கே இரண்டு. எதிர்க் கைக்குக் கணவரைப் பிடித்து நிறுத்தினேன். மனிதர் ஒரு நாளும் சரியாகத் தட்டவில்லை. மகளோ சோதனைக்குப் போகும் பிள்ளைபோல எல்லாவற்றையும் பாடமாக்கினாள்.

ஒரு பின்னேரம் அவளைக் கீழே அனுப்பிவிட்டு மேலே நின்று பார்த்தேன். ஒரு பிழையும் விடாமல் பாடித் தட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி ஏதோ சொன்னாள். என் மகள் அழுதுகொண்டு படியேறி ஓடிவந்தாள்.

எனக்கு முன்கோபம் அதிகம். செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனேன். “ஏன் பிள்ளை, இவளை ஏன் சேக்க மாட்டீங்க?”

இரட்டைப் பின்னல்காரி கொஞ்சமும் பயப்படவில்லை. “அன்ரி, சேக்க மாட்டம் எண்டு ஆர் சொன்னது? இங்க புதுசா வாற ஆக்கள் தங்கட இடத்துப் பாட்டு ஒண்டு கொண்டு வரோணும். நான் வவுனியாவில இருந்து கொண்டு வந்தனான். இவ கல்கிசையில இருந்து. உங்கட மகள் எங்கட பாட்டையே எங்களுக்குத் திருப்பித் தாறா.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து எதையாவது கொண்டுவரச் சொல்லி யாராவது கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நானே வெள்ளவத்தைக்கு வேலைக்கு வரத் தொடங்கிய நாளிலிருந்து “ஆமாங்க” என்பதை விட்டு, இங்குள்ளவர்களைப்போல “ஓம்” சொல்லப் பழகியவள். புது இடத்துக்குப் போனால் பழையதைக் கழற்றி வைக்கவேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.

மகள் என் பின்னால் நின்று மெல்லக் கேட்டாள். “அம்மா, கப்பல் பாட்டு பாடவா?”

துறைமுகத்துச் சங்கு கேட்கும் எங்கள் பழைய ஒழுங்கையில், தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் சேர்ந்து தாங்களே கட்டிய பாட்டு அது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடங்கினாள்.

“கப்பல் கப்பல் என்ன கப்பல்?
கறுத்தக் கப்பல்!
கப்பலுக்குள்ள யாரு யாரு?
மாளு விக்கிற மல்லி!
எக்காய், தெக்காய், துனாய்!”

மாளு என்றால் சிங்களத்தில் மீன், மல்லி என்றால் தம்பி. சிங்களத்தில் மூன்று எண்ணி முடிந்ததும் இரண்டு பேரும் ஒரு சுற்றுச் சுற்றிவந்து தட்டவேண்டும். பிந்துகிறவளின் கப்பல் தாழ்ந்துவிடும். முதல் சுற்றிலேயே இரட்டைப் பின்னலின் கப்பல் தாழ்ந்தது. சிறுமிகள் கத்திய கத்தலில் காவலாளி எழுந்து வந்துவிட்டார். “திருப்பிப் பாடு, திருப்பிப் பாடு” என்று என் மகளை மொய்த்துக்கொண்டார்கள். கார்கள் வந்து ஹோர்ன் அடித்தும் ஒருத்தியும் அசையவில்லை.

மறுநாள் காலி வீதிக் கடையொன்றில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு நேரே அவர்களிடம் போனேன். இரட்டைப் பின்னலைப் பார்த்து, “ரொம்ப தேங்ஸ் பிள்ளை, இவளைச் சேத்துக்கிட்டதுக்கு” என்றேன். என்னையறியாமல் கொட்டாஞ்சேனைப் பேச்சே வந்துவிட்டது.

அவள் ஒரு ரோலைக் கடித்துக்கொண்டே என்னை விசித்திரமாகப் பார்த்தாள். “நீங்கள் ஏன் அன்ரி தேங்ஸ் சொல்லுறீங்கள்? அவதானே எங்களுக்குப் பாட்டுக் கொண்டு வந்தவ.”

லிஃப்டில் ஏறிக் கதவு மூடியபின் அழுதேன். பல்கனிக்கு வந்து பார்த்தபோது கீழே கப்பல் பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. போனை எடுத்துப் பதிந்தேன்.