ஏழாம் மாடியில் இரண்டு முட்டை

புறா என்றாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாராவியில் எங்கள் குடிசையை இடித்து ஏழாம் மாடியில் வீடு கொடுத்தபோது, எங்களுக்கு முன்பே அங்கே புறாக்கள் குடியேறிவிட்டிருந்தன. காயப்போட்ட துணியில் எச்சம், சாம்பாரில் இறகு, விடிவதற்குள் உறுமல். அப்பா பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டார். சனியன்கள் அதில் முகம் பார்த்துக்கொண்டன. ரப்பர் பாம்பு வாங்கி வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்து எச்சமிட்டன. கடைசியில் புறா வராமல் ஜன்னல்களுக்கு வலை அடிக்கிற ஆளுக்குச் சொல்லி வைத்தார்.

அவன் வருவதற்கு முதல் நாள், சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா நாலு குச்சியைப் போட்டு, அதையும் கூடு என்று நம்பி இரண்டு முட்டை இட்டுவிட்டது. அம்மா வலையே வேண்டாம் என்றுவிட்டாள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம். முந்தின வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. பிள்ளை சுமக்கிறவள் இருக்கும் வீட்டில் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பது அவள் ஊர்ப்பக்கத்து வழக்கம். ஒன்பது வயதுப் பெண்ணான என்னிடம் இதில் ஒன்றையும் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அப்பாவுக்கு உதவுகிற நினைப்பில், தரை துடைக்கும் கம்பை நீட்டி இரண்டு முட்டைகளையும் கீழே சந்துக்குள் தள்ளிவிட்டேன். பெருமையாகப் போய்ச் சொன்னேன். சபாஷ் போடுவார் என்று பார்த்தால், அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஏட்டி, அம்மைட்ட மூச்சு விட்டிராத,” என்றார்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி, கடையில் இரண்டு கோழிமுட்டை வாங்கிவந்து கூட்டில் வைத்தார். அந்த மடப் புறா திரும்பி வந்து, தன் முட்டையைவிட எவ்வளவு பெரிது என்றுகூடப் பாராமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அப்பாவே அதற்குக் காவல். சிடிக்களை அவிழ்த்தார். காக்கை வந்தால் கையை வீசி விரட்டினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, நாலு வாரம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

ஒருவழியாக அது சலித்துப்போய் வராமல் நின்றதும், அப்பா முட்டைகளை யாரும் பார்க்காமல் அப்புறப்படுத்தினார்.

“ரெண்டும் பொரிச்சுப் பறந்துட்டு,” என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா வயிற்றில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். “நல்லதாப் போச்சு. இனி வலை அடிக்கச் சொல்லுங்க,” என்றாள்.

இப்படிப் பச்சைப் பொய்யை நம்புகிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. தம்பி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலையில்தான் உறைத்தது. அந்த ஜன்னலுக்கு நேராக நின்றுதான் அம்மா தினமும் எனக்கு முட்டை உடைத்துப் பொரித்துக் கொடுப்பாள். கோழிமுட்டை எது என்று அவளுக்கா தெரியாது? நாலு வாரமும் தன் பயத்தை விழுங்கிக்கொண்டு, அப்பா பயந்துவிடக் கூடாதே என்று, ஏமாந்தவளாகவே இருந்திருக்கிறாள்.