கல்லாற்றில் கழல மறுத்த ப்ளக்கு

மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெயைக் கலந்து சூடான இரும்பில் விட்டால் ஒரு வாசனை வரும். அடுக்களையும் பட்டறையும் ஒரே அறைக்குள் இருப்பது போன்ற அந்த வாசனையைக் கல்லாற்றங்கரையில் ஒரு சாயாக்கடை முன்னால், என் சித்தியின் காருக்குள் தலையை நீட்டிக்கொண்டுதான் முதன்முதலாக முகர்ந்தேன். இன்றைக்கும் அது எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்குப் பத்து வயதாகிவிடுகிறது.

சித்தி டாக்டர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானே கார் ஓட்டிய பெண்கள் திருவனந்தபுரத்தில் வேறு யாரேனும் இருந்தார்களோ என்னவோ, எங்கள் ஆரியசாலைத் தெருவில் இல்லை. மொத்த வியாபாரம் செய்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை ரசிக்கவும் இல்லை. "பேறுகாலம் பாக்கப் போறவளுக்கு ஸ்பானர் எதுக்கு?" என்பார் பெரியப்பா. தம் மகளின் பேறுகாலத்துக்கு அவளைத்தான் அலறியடித்துக்கொண்டு கூப்பிட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு விடுமுறைக் காலையில், பொன்முடித் தேயிலைத் தோட்டத்திலிருந்து சுடலை என்ற தொழிலாளி, மலையிறங்கிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு வந்து சித்தியின் வாசலில் நின்றான். முந்தைய நாளே வலி கண்ட அவன் மனைவிக்கு இன்னும் குழந்தை பிறக்கவில்லை. சித்தி பையை எடுத்தாள், சுடலையைப் பின்னால் ஏற்றினாள். முன்னிருக்கையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை.

கல்லாறு வரும்போதே வண்டி "நொண்ட" ஆரம்பித்துவிட்டது. அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள் என்பதால் சித்தி சாயாக்கடை ஓரமாக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடியே மூடியைத் திறந்து, மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் ஒவ்வொரு ப்ளக்கின் கம்பியையும் தூக்கிப் பார்த்தாள். கம்பியைத் தூக்கினதும் எஞ்சினின் சத்தம் தடுமாறினால் அந்த ப்ளக்கு வேலை செய்கிறது என்று அர்த்தமாம். ஒன்றே ஒன்றில் மட்டும் சத்தம் மாறவே இல்லை. "இவன்தான் கள்ளன்" என்று எஞ்சினை நிறுத்தினாள்.

மாற்றுப் ப்ளக்கு ஒன்று பையில் இருந்தது. ஆனால் கள்ளன் வெளியே வர வேண்டுமே! முந்தைய தடவை மாட்டிய பட்டறைக்காரன் தன் பலத்தையெல்லாம் காட்டி முறுக்கியிருந்தான் போலிருக்கிறது, சித்தி குழல் ஸ்பானரைப் போட்டு அழுத்தியும் அது அசையவில்லை. சுடலை பாய்ந்து வந்து ஸ்பானரைப் பிடித்தான்.

"விடுங்கம்மா, ஒரே இழுப்புல எடுத்துருதேன். அங்க அவ கெடந்து துடிக்கா."

"சுடலை, கைய எடு. இது கழுத்தோட ஒடிஞ்சு அடிப்பாகம் உள்ள நின்னா இந்த வண்டி மலை ஏறாது, கேட்டியா? எஞ்சின் கொதிச்சுக் கெடக்கு. ஆறட்டு."

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நடந்தே போய்விடுவேன் என்று கிளம்பியவனை அதட்டி நிறுத்திய சித்தி, கடைக்காரரிடம் பாக்குமரத்திலிருந்து விழுந்த ஒரு கமுகம்பாளையை வாங்கி அவன் கையில் கொடுத்து, எஞ்சினுக்கு வீசச் சொன்னாள். காய்ச்சல்காரனுக்கு வீசுவது போல அந்த மனிதன் கண்ணீர் வழிய வீசினான். கடைக்காரரின் விளக்கு எண்ணெயையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் கலந்து, மண்ணை ஊதிச் சுத்தம் செய்த ப்ளக்கின் அடியைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள் சித்தி. பிறகு ஒரு பாறையில் உட்கார்ந்து சாயாத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, சாயா ஆறிப் போச்சல்லோ. வேற எடுக்கட்டே?" என்றார் கடைக்காரர்.

"இருக்கட்டு சேட்டா. எல்லாம் ஆறட்டு."

பச்சைப்பிள்ளையின் குளிதண்ணீரைப் பார்ப்பது போலப் புறங்கையை எஞ்சின் மேல் வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஒருவழியாக எழுந்து ஸ்பானரைப் போட்டவள், கழற்றும் பக்கம் திருப்பாமல் முறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை அழுத்தினாள். "ஐயோ, இறுக்குதீங்களே!" என்று அலறினான் சுடலை. "கிரீச்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிடி விட்டிருந்தது. அப்புறமும் அவள் அவசரப்படவில்லை; கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கொஞ்சம் வெளியே. கரி பிடித்த கள்ளன் முழுசாக அவள் உள்ளங்கையில் விழுந்தான்.

புதியதை மாட்டுமுன் மருந்துச் சீட்டு எழுதும் பென்சிலின் முனையைச் சுரண்டி, அந்தக் கரித்தூளை அதன் திருகு மரையில் தடவினாள். எதற்கு என்று கேட்டேன்.

"அடுத்த தடவை கழத்தப் போறவன் நம்மள ஏசக்கூடாதுல்லா, மக்கா."

பொன்முடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சித்தி உள்ளே போனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். நானும் சுடலையும் வெளியே நின்றோம். "முக்கு தாயி, முக்கு!" என்று பெண்கள் பலர் சேர்ந்து கத்துவது கேட்டது. அதற்கிடையே சித்தியின் குரல், சற்றும் உயராமல்: "யாரும் அவள விரட்டாதீங்க. தளந்து போயிருக்கா. முதல்ல கொஞ்சம் ஆறட்டு."

சுடலை சட்டென்று தன் கையைப் பார்த்தான். கல்லாற்றிலிருந்து அந்தப் பாளையை விடாமல் கொண்டு வந்திருந்தான். கதவை லேசாகத் திறந்து அதை உள்ளே நீட்டி, "அம்மா, இத வச்சு வீசச் சொல்லுங்க" என்றான். யாரோ வாங்கிக்கொண்டார்கள். தேயிலைச் சரிவில் வெயில் இறங்கும் நேரத்தில் குழந்தை அழுதது. அதைக் கேட்டதும் அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும் வழியில் அதே கடையில் சித்திக்கு ஆவி பறக்கும் சாயா வந்தது. வாங்கிய கை தடதடவென்று நடுங்கி, பாதிச் சாயா சேலையில் சிந்தியது. "என்ன பாக்க? எனக்குப் பயம், பேடியெல்லாம் கிடையாதுன்னு நெனச்சியா?" என்று சிரித்துவிட்டு மீதியைக் குடித்தாள்.

இப்போது அந்த வளைவுகளில் கார்கள் வரிசையாக ஏறுகின்றன. எஞ்சின் மூடியைத் திறக்கத் தெரியாமலேயே ஒருவர் ஆயுள் முழுவதும் ஓட்டிவிடலாம். காரைச் சித்தி விற்றுவிட்டாள், சாயாக்கடை இருந்த இடம் சாலையோடு போயிற்று, சித்தியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. கல்லாற்றில் அத்தனை நேரமும் தம்ளரை அவள் வாயில் வைக்கவே இல்லை என்பதும், அந்த நடுக்கத்தை ப்ளக்கு கழன்று பிள்ளை பிறக்கும்வரை கைக்கு வரவிடாமல் வைத்திருந்தாள் என்பதும் எனக்குத்தான் தெரியும். என் பெருமையெல்லாம் அதில்தான்.