வீட்டு வரிக்குத் தூக்காத கை

என் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ஆறு அறைகள். பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கில் அந்த ஆறும் கிடையாது. ஒரே கதவு எண், ஒரே வீட்டுக்கான வரி. பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் பல்லடம் ரோட்டிலிருந்து எங்கள் தெரு முடியும் வரை எல்லோரும் அப்படித்தான்.

கிராம சபைக்கு முந்தின நாள் மூன்றாம் அறைக்காரி வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள்.

"அக்கா, பள்ளிக்கூடத்துக்கு ரூம் கட்டணும்னு நாளைக்குக் கேப்பாவ. கையத் தூக்கிருங்க. எம்பிள்ள வராண்டாவுலதான் இருந்து படிக்கா. மழ பெஞ்சா புக்கெல்லாம் நனஞ்சிருது."

"நீயும் வந்து தூக்கலாமில்ல கண்ணு?"

"எனக்கு ஓட்டு ஊர்லல்லா இருக்கு."

சரி என்று சொல்லிவிட்டேன். சொல்வதற்கு வாயா வலிக்கப்போகிறது?

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். நாற்காலிகளில் இருந்த நாங்கள் எல்லாம் வீட்டுக்காரர்கள். எங்கள் பிள்ளைகள் வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறவர்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். தலைவர் தீர்மானத்தை வாசித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வகுப்பறைக்கு ஊராட்சிப் பங்கு வேண்டும். அதற்காக எல்லா வீடுகளையும் மறுபடி அளந்து வரி போட வேண்டும்.

இடம் போதவில்லை என்று காட்டுவதற்காகத் தலைமை ஆசிரியை பிள்ளைகளின் பட்டியலை விலாசத்தோடு வாசித்தார். என் கதவு எண் வந்தது. மறுபடி வந்தது. மொத்தம் ஏழு தடவை.

"ஏனுங்க்கா, உங்க ஊட்ல மட்டும் ஏழு கொழந்தைங்களா?" என்று தலைவர் கேட்க, பந்தலே சிரித்தது. கிளார்க் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். வீட்டு வரிப் புத்தகம் எழுதுகிறவர் அவர்தான்.

"ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் அறைக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து இல்லாத எதையோ தேடினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பாதி தூக்கிய கையைத் தலைமுடிக்குக் கொண்டுபோனாள். எண்ணினார்கள். இரண்டு கை குறைந்தது. தீர்மானம் போய்விட்டது. அப்பாடா என்று இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாயங்காலம் மூன்றாம் அறைக்காரி தண்ணீர் பிடிக்க வந்தபோது நானே முந்திக்கொண்டேன். "வரி ஏறுச்சுன்னா உங்க வாடகையும் ஏத்தோணும் கண்ணு. அத நெனச்சுத்தான் கை தூக்கல."

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். "அப்படியாக்கா? நான் உங்களத் தப்பா நெனச்சிட்டேன், மன்னிச்சிருங்க."

தை பிறந்ததும் எல்லா வருஷமும் போல வாடகையை ஏற்றினேன். அவள் எண்ணிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். ஏன் என்று கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.