ஃபிலிம் காயும் நேரம்

போன வாரம் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் ஜில்லென்று எதையோ தடவி, குமிழ்களை ஒட்டி, நான் சேலையைச் சரிசெய்வதற்குள் தாள் வந்துவிட்டது. "அம்புட்டுதாம்மா, எந்திரிங்க" என்றாள் அந்தப் பெண். எனக்கென்னவோ பாதி வேலைதான் முடிந்த மாதிரி இருந்தது. மூக்கு, ஃபிலிம் கழுவும் மருந்தின் புளிப்பு வாடையைத் தேடியது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் புது நர்ஸ். அங்கே அந்த மெஷின் பீரோ அளவு இருக்கும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை இரண்டு கையிலும் இடது காலிலும் சுற்றி, மேலே தகடு வைத்துக் கட்டுவோம். துடிப்பு ஃபிலிமில் கோடாகப் பதியும். அதை இருட்டறையில் கழுவிக் காயப்போட்டால்தான் பார்க்கலாம். தொடுமுன் ஒரு ஜெபம் சொல்லிக்கொள்வேன். நோயாளிக்காக அல்ல, கரண்டுக்குப் பயந்து.

ஒருநாள் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து சின்னையா என்ற வாலிபர் வந்தார். கூடவே தாய்மாமனும் மாமன் மகள் பேச்சியும். பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், 'ஹார்ட் சரியில்லை' என்று சின்னையாவைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதிலிருந்து வீட்டில் அவரை ஒரு குடம் தண்ணீர் தூக்க விடவில்லை. பேச்சியோடு பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றுபோயிற்று. அவளுக்கு வேறு இடம் பார்க்கத் தொடங்கியதும், "மெஷின்ல பாத்துச் சொல்லட்டும், பெறகு பேசுங்க" என்று அவள்தான் அப்பாவை இழுத்து வந்திருந்தாள்.

"கரண்டு அடிக்குமா தாயி?" என்றார் சின்னையா. "அடிக்காது" என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அவர் கை நடுங்கியது. கை நடுங்கினால் கோடும் நடுங்கும். "இப்படின்னா ஒண்ணும் தெரியாது" என்று டாக்டரம்மா சலித்துக்கொண்டார். கதவோரம் நின்ற பேச்சி, "மச்சான், நம்ம செவலக்காள லாடம் அடிக்கயில இப்படியா நடுங்குச்சு? சும்மா படுங்க" என்றாள். சின்னையா சிரித்துவிட்டார். கை தளர்ந்தது.

காய்ந்த ஃபிலிமை டாக்டரம்மா ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். சின்னையாவை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மறுபடி குழாய் வைத்துக் கேட்டார்.

"பட்டாளத்து டாக்டர் குழாயில கேட்டது இந்தச் சத்தந்தான். சில பேருக்கு இருக்கும், கெடுதல் இல்ல. கோடும் சுத்தமா இருக்கு. நீ கம்மாயே வெட்டலாம்ப்பா."

"அப்ப இம்புட்டு நாளும்..." என்று ஆரம்பித்த சின்னையா, முடிக்க முடியாமல் அழுதார். மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தா, கெளம்பு. தை பொறக்கட்டும்" என்றார். தையில் கல்யாணம் நடந்தது. சின்னையா பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்த மெஷினை எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டார்களோ! இருட்டறையில் இப்போது குளுக்கோஸ் பாட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். ஃபிலிம் காய்வதற்காக உட்கார்ந்திருக்கும் நேரமும் போய்விட்டது. அன்று அந்த நேரத்தில்தான் பேச்சி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்: "கோடு எப்படி வந்தாலும் நான் அவுகளத்தான் கட்டுவேன்க்கா. அப்பாகிட்டச் சொல்லிப்புடாதீங்க."