தையல்காரக் கை

என் அத்தை கால்சட்டை தைப்பவர். தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். யாருக்குத் தொப்பை போடுகிறது என்பது அவரவர் மனைவிக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மீனை மட்டும் சட்டிக்கு வெளியே பார்த்ததில்லை. மாமா நேர்மாறு. தபால் கொடுத்து முடித்ததும் மலையாற்றில் முழங்கால் ஆழத்தில் இறங்கி டிரவுட் மீனுக்காக நிற்பார்.

போன குளிர்காலத்தில் மாமாவுக்குப் பக்கவாதம். வலது கை போயிற்று. ஒரே ஒரு சொல்லைத் தவிர பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டுமென்றாலும் "போடி", முதுகு வலித்தாலும் "போடி". டாக்டரையும் அப்படித்தான் அழைத்தார். அவருக்குப் பெரிய மீசை.

ஒருநாள் மாமா தன் தூண்டில்கோலைத் தொட்டு, வாசலைக் காட்டினார். யாருக்காவது கொடுத்துவிடு என்று அர்த்தம். அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டையும் தள்ளிவைக்க ஆரம்பித்தார்.

அத்தை கொடுக்கவில்லை. "மீன்பிடி சீசன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு மீனு நான் பிடிச்சுக் காட்டறேன். முடியலன்னா கொடுத்துடறேன்" என்றார்.

மாமாவோடு மீன்பிடிக்கும் பேக்கரிக்காரர்தான் முறையைச் சொன்னார். மிதவை கிடையாது. எடை கட்டிய பொய்ப்பூச்சி ஆற்றின் அடியில் உருண்டு போக வேண்டும். தூண்டில் நரம்பு தண்ணீர்மேல் கிடக்காதபடி கோலை உயர்த்திப் பிடிக்க வேண்டும். நரம்பின் நடுவே மஞ்சள் துண்டு ஒன்று உண்டு. அது சட்டென்று நின்றால் மீன் வாய் வைத்துவிட்டது. நரம்பு தொய்ந்தால் எதுவும் தெரியாது.

தொய்யக் கூடாது என்றதும் அத்தைக்கு நிம்மதி. ஆயுசெல்லாம் அதைத்தானே செய்கிறார்? தையலுக்குத் தையல் நூலைச் சுண்டுவதுபோலச் சுண்டினார். பூச்சி அடியை விட்டு எழும்பி ஆற்றை எதிர்த்து ஓடியது. எந்தப் பூச்சிக்கும் அவ்வளவு தெம்பு கிடையாது என்று மீனுக்குத் தெரியாதா? பாசிதான் மாட்டியது. கரையோரம் நாற்காலியில் இருந்த மாமா ஒவ்வொரு இழுப்புக்கும் திட்டினார். திட்டத்தான் அவரிடம் சொல் இருந்ததே.

சீசனின் கடைசி நாள். அத்தை கரையேறி வந்து கோலை நீட்டினார்.

"எனக்கு வரலங்க. நாளைக்கு பேக்கரிக்காரர்கிட்ட கொடுத்துடலாம்."

மாமா கோலை வாங்கவில்லை. இடது கையால் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறு ஓடும் பக்கமாக அந்தக் கையை மெல்ல நகர்த்தினார். மேல்தண்ணீரைவிட அடித்தண்ணீர் மெதுவாக ஓடும், அந்த வேகம்தான். அத்தை பழக்கதோஷத்தில் சுண்டினார். மாமா விடவில்லை. மறுபடி நகர்த்தினார்.

"இழுக்க வேணாமா? கூடவே போனாப் போதுமா?"

மாமா கண்ணை மூடித் திறந்தார்.

அத்தை திரும்ப இறங்கினார். இந்த முறை மஞ்சள் துண்டு தொய்யவும் இல்லை, விறைக்கவும் இல்லை. தண்ணீரோடு நடந்து போனது. நின்றது. அத்தை கோலை உயர்த்தினார். நுனி வளைந்து துடித்தது.

வேறு யாராவது என்றால் அங்கேயே மீனைத் தூக்கியிருப்பார்கள். அத்தை தடுமாறிக் கரைக்கு வந்து, துடிக்கிற கோலை மாமாவின் இடது கையில் வைத்து, மேலே தன் கையை வைத்தார். ஒரு சாண் மீன்தான். ஈரக் கையால் அத்தை அதைத் திரும்ப விட்டபோது மாமாவுக்கு மூக்கு ஒழுகியது. சட்டைக்கையால் துடைத்துக்கொண்டார்.

நாற்காலியைத் தூக்க வந்த பேக்கரிக்காரர் முதலில் கோலை வாங்கக் கை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. வீட்டிலும் மடியை விட்டு அதை இறக்கவில்லை. தட்டு வைக்க இடமில்லாமல் அத்தை பக்கத்தில் நின்றே ஊட்டினார். மாமா எல்லாவற்றையும் சாப்பிட்டார்.