யாரும் எதுவும் தராதபோது

அலுவலகத்தில் அவளுக்குக் காலி அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவளும் தெரியாத மாதிரியே இருந்தாள்.

காரணம் அவள் வேலை. ஒரு கணினி நிரல்மொழியோடு கூடவே வரும் பொது நிரல் நூலகத்தில், ‘இங்கே யாரும் எதுவும் தரவில்லை’ என்பதைக் குறிக்க ஒரு தனி மதிப்பை வடிவமைத்துக்கொண்டிருந்தாள். ‘இல்லை’ என்றொரு மதிப்பு முன்பே இருந்தது. ஆனால் உப்பு வேண்டாம் என்பது வேறு, உப்பைப் பற்றி வாயே திறக்காதது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்த நிரல்கள் கண்ட இடத்தில் குப்புற விழுந்தன. ஆளாளுக்கு ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். அவளுடைய மதிப்போ உலகத்திலேயே ஒன்றுதான், வேறெதனோடும் குழம்பாது. அன்றைய கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் அடுத்த பதிப்பில் ஏறிவிடும். இல்லாவிட்டால் அத்தனை உழைப்பும் கிடப்பில்தான்.

கூட்டம் தொடங்கியதும், பரிசோதிக்கும் மீசைக்காரர் அந்த மதிப்புக்கு ஒரு நகல் எடுத்தார். இரண்டும் ஒன்றுதானா என்று கணினியைக் கேட்டார். இல்லை என்றது.

“உங்க ஒத்தப் பிள்ளை ரெட்டையாயிடுச்சேம்மா.”

தேநீர் இடைவேளை முடிவதற்குள் சரிசெய்தால் பார்க்கலாம் என்று சலுகை வேறு.

அந்த நேரம் பார்த்துக் கணவன் போனில் வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவும் அவள் தங்கையும் தனித்தனியாகச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். இருவருமே அவளைத்தான் கேட்கிறார்களாம், அவனை யாரும் சீந்தவில்லையாம்.

“இன்னொரு உன்னைச் செஞ்சா அனுப்ப முடியும்? யாரு கேட்டாலும் நீயேதான் போய் நிக்கணும்.”

அப்புறம் பேசுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். நகல் கேட்டால் நகல் எதற்கு? அதையே திருப்பி நீட்டினால் போயிற்று. வேறு கணினிக்கு என்றால் பெயரை மட்டும் அனுப்பலாம். அங்கே உள்ள நூலகத்தில் ஏற்கெனவே குடியிருப்பது எழுந்து வரும். தேநீர் ஆறி ஆடை படிவதற்குள் எழுதி முடித்தாள்.

மீசைக்காரர் மறுபடி நகல் எடுத்தார். ஒன்றுதான் என்றது கணினி. மனம் கேட்காமல் பக்கத்துக் கணினிக்கும் அனுப்பிப் பார்த்தார். பெயர் சொன்னதும் அங்கேயும் சமர்த்தாக வந்து நின்றது.

யாருக்கும் ஆட்சேபணை இல்லையே என்று கேட்டார் மேலாளர். அறையில் சத்தமில்லை. சரி, முடிந்தது என்று அவர் மடிக்கணினியை மூடப்போனார்.

“இருங்க சார். இன்னும் யாரும் பதிலே சொல்லலையே.”

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். மீசைக்காரரின் முறை வந்தது. அவர் மீசையை நீவியபடி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்.

“எனக்கும் இல்லம்மா. வாயத் திறந்துதான் சொல்றேன், எழுதிக்கோ.”